உதட்டுக்குள் ஒரு மல்லாட்டை

“பன்னிக்கறி தின்ன கையால எனக்கு ஒரு வாய்த் தண்ணிகூட வேணாம். அந்தக் குடத்தத் தொடாத, சொல்லிட்டேன்!”

இது என் மாமியார் சொன்னது. ஓர் எழுத்துகூட நான் மாற்றவில்லை. குடத்தை நான் தொடவும் இல்லை, பக்கத்தில் இருந்த கரண்டியைத்தான் எடுக்கப் போனேன். “நான் எப்ப அத்தை பன்னிக்கறி தின்னேன்?” என்றேன். “எப்பத் தின்னியோ எனக்கின்னா தெரியும்? வாயில வந்து நின்னுகினு இருக்குதே!” என்றார். வாயில் வந்து நின்றது உண்மைதான். அது எப்படி வந்தது என்பதுதான் எனக்கும் புரியவில்லை.

இல்லத்தரசி என்கிற உத்தியோகத்தில் பதவி உயர்வு கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும். பதவி நீக்கம் உண்டு என்பது எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. அடுப்படியில் காலம் தள்ளும் சகோதரிகளே, உங்களில் யாரையாவது சொந்த சமையலறையிலிருந்து வெளியே நிறுத்தியிருக்கிறார்களா? நிறுத்தியிருந்தால் மேலே படியுங்கள். இல்லையென்றாலும் படியுங்கள், என்றைக்காவது உதவும்.

வாயை மூடினால் சரியாகிவிடும்

நாங்கள் நயினார்கள். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம், இப்போது திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பெயர். முட்டை எங்கள் வாசற்படி ஏறியதில்லை. பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். மண்ணுக்குள் விளைகிற எதையும் என் மாமியார் தொடமாட்டார், மல்லாட்டை நீங்கலாக. அதற்கு மட்டும் எப்படி விலக்கு என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். “அது நம்ம தொழில்” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு சாஸ்திரம் பற்றி நான் கேள்வி கேட்பதில்லை. வீட்டில் நாங்கள் ஐந்து பேர்: நான், என் கணவர், மாமியார், விழுப்புரத்துக் கல்லூரிக்கு தினமும் ரயிலில் போய்வரும் என் மகள் நித்யா, மாடியில் இருக்கும் கல்யாணமாகாத கொழுந்தனார் ஜீவா.

இப்படிப்பட்ட வீட்டில், என் கீழுதட்டின் உள்பக்கம் ஒரு உருண்டை முளைத்தது. தோல் நீக்கிய மல்லாட்டைப் பருப்பு அளவு. வலியில்லை. நாக்கு மட்டும் நாள் முழுக்க அங்கேயே போய்த் தடவிக்கொண்டிருக்கும். சாப்பிடும்போது உதட்டைக் கடித்திருப்பாய் என்றாள் மகள். சூடு என்றார் மாமியார். இரண்டு மாதம் ஆகியும் போகவில்லையே என்று கணவரிடம் உதட்டை இழுத்துக் காட்டினேன். மண்டியில் மல்லாட்டையை விரலால் நசுக்கிப் பார்ப்பாரே, அதே மாதிரி அதையும் நசுக்கிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “கொஞ்ச நாளைக்கு வாயை மூடிக்கினு இரு விமலா, தானா அடங்கிடும்.”

கீரை நார்

பல் டாக்டர் சின்னப் பையன். என்னை ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்ட ஒரு குறையைத் தவிர நல்ல கைராசிக்காரன். உமிழ்நீர்க் கட்டியாக இருக்கும் என்று சொல்லி, மரக்க ஊசி போட்டு, பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டான். ஊறிய ஜவ்வரிசி மாதிரி வெள்ளையாக, உள்ளே ஒரு புள்ளியோடு, குப்பியில் மிதந்தது. வழக்கப்படி பரிசோதனைக்கு அனுப்புகிறோம் என்றான்.

ரிப்போர்ட் என் போனுக்கே வந்தது. நான் கான்வென்ட்டில் படித்தவள். வீட்டில் யாருக்கு எந்த ஆங்கிலக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். எனக்கு வந்ததை நான் யாரிடம் கொண்டுபோவது? நானே படித்தேன். நீளமான லத்தீன் பெயர், அதன் கடைசியில் ‘செல்லுலோசே’ என்று இருந்தது. செல்லுலோஸ் என்றால் செடிகொடிகளில் இருக்கும் நார்ச்சத்து என்று எட்டாம் வகுப்பில் சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது பசுமையாக நினைவிருந்தது. சந்தேகமே இல்லாமல் கூடத்தில் நின்று அறிவித்தேன்: கீரை நார், உதட்டில் குத்தி உள்ளே தங்கிவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. மாமியார் மட்டும் சும்மா விடவில்லை. “முளைக்கீரைய ஆயத் தெரியாம ஆஞ்சா இப்பிடித்தான் உதட்டுல முளைக்கும்.”

பெயரிலேயே இருக்கிறது

மறுநாள் பல் டாக்டர் வீட்டில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு வரச்சொன்னான். கணவர் வந்தார். மாமியார் தன் பல்லையும் காட்டிவிடலாம் என்று கூடவே கிளம்பிவிட்டார். அந்தப் பையன் நிதானமாக ஆரம்பித்தான். “ஆன்ட்டி, பயப்படாதீங்க. இது சிஸ்டிசெர்கோசிஸ். பன்றி நாடாப்புழுன்னு ஒண்ணு இருக்கு, அதோட குஞ்சுப்புழு…”

அவன் அதற்குமேல் ஐந்து நிமிஷம் பேசினான். இன்றுவரை அந்த ஐந்து நிமிஷத்தில் என்ன சொன்னான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. ‘பன்றி’ என்ற சொல்லோடு என் காது அடைத்துவிட்டது. கணவர் என்னைப் பார்த்தார், பிறகு என் உதட்டைப் பார்த்தார், பிறகு சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். நான் கீரை நார் என்று முழங்கியதை நினைத்து வெட்கப்படுவதா, வாய்க்குள் புழு இருந்ததை நினைத்துக் குமட்டுவதா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன்.

மாமியாருக்கு மட்டும் எல்லாமே பளிச்சென்று விளங்கிவிட்டது. வெளியே வந்து செருப்பைப் போடும்போது என்னிடம் கேட்டார்: “இன்னா நோவுன்னான்? சிஸ்டரு… அப்பறம் இன்னா?” சிஸ்டிசெர்கோசிஸ் அத்தை என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவர் என் கணவர் பக்கம் திரும்பினார். “கேட்டியாடா? கான்வென்ட்டு சிஸ்டருங்க இன்னாத்தப் போட்டு வளத்தாங்கன்னு நோவோட பேருலயே இருக்குதே, இதுக்கு மேல இன்னாடா அத்தாட்சி வேணும்?”

கேக்

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். உங்களுக்கும் எனக்கும் அது வராத வித்தை.

வீட்டுக்கு வந்து கூடத்தில் விசாரணை. நான் கான்வென்ட்டில் படித்தது விழுப்புரத்தில், அதுவும் வீட்டிலிருந்து போய்வந்து. அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தைத் தவிர வேறு எதுவும் என் டிபன் பாக்ஸில் இருந்ததில்லை. சிஸ்டர்கள் எங்களுக்குப் போட்டது இம்போசிஷன் மட்டும்தான். இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் நேர்மைக்கு ஒரு ஆதாரம் சேர்த்தால் பலமாக இருக்கும் என்று நினைத்து, “கிறிஸ்துமஸுக்கு ஒரு துண்டு கேக் கொடுப்பாங்க, அதை மட்டும் தின்னிருக்கேன், உள்ளதைச் சொல்லிடறேன்” என்றேன்.

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கேக்கில் முட்டை இருக்கும் என்பது அதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. இருபத்திரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாமல் இருந்த கேக். கணவர் முகத்தில் கோபம்கூட இல்லை, குழப்பம்தான். கேட்டார்: “கேக்கையே இத்தினி வருசம் சொல்லல நீ. இன்னும் இன்னா இன்னா சொல்லாம இருக்கிற?”

வெளியிலிருந்து ஆதரவு

அன்று மாலையே குடம் சம்பவம். சமையலறை மாமியார் கைக்குப் போனது. எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முதல் நாள் சுகமாகத்தான் இருந்தது. யாரோ சமைத்து நாம் சாப்பிட்டு எத்தனை வருஷமாயிற்று! இரண்டாம் நாள் கேப்பைக் களியில் உப்பில்லை. மூன்றாம் நாள் உப்பு மட்டும் இருந்தது. மகள் கல்லூரி கேன்டீனுக்கு மாறிவிட்டாள். கணவர் மண்டியில் வேலை அதிகம் என்று மத்தியானம் வருவதை நிறுத்திவிட்டார். ஜீவா ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளியனூர் வழியாகப் பாண்டிச்சேரிக்கு ‘வேலையாக’ப் போய், சோம்பு மென்றபடி திரும்புகிறவன். அந்த வாரம் புதன்கிழமையே அவனுக்கு அங்கே வேலை வந்துவிட்டது.

சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் ஒன்று உறுத்தியது. மாமியார் விரதம் இருந்துகொண்டிருந்தார். அது முடிகிற ஞாயிற்றுக்கிழமை செஞ்சிப் பக்கத்து உறவெல்லாம் வந்து சாப்பிடுவார்கள். வருஷா வருஷம் அந்தச் சமையல் என் கையால்தான். நான் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை அத்தனை பேரும் பார்ப்பார்கள். யாராவது ஒருத்தர் ஏன் என்று கேட்பார். மாமியார் சொல்வார். அதற்கப்புறம் என் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வரை அந்தப் பேச்சு ஓயாது. “ஞாயித்துக்கெழம நான் சமைக்கலாமா அத்தை?” என்று ஒருமுறை, ஒரே ஒருமுறை, கெஞ்சிக் கேட்டேன். அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: “தலைவலின்னு உள்ள படுத்துக்கோ, கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

கைக்குட்டையில் தாலி

பல் டாக்டர் எழுதிக் கொடுத்தபடி விழுப்புரத்தில் ஒரு பெரிய டாக்டரம்மாவிடம் போனோம். அவர் முதலில் கண்ணைப் பார்க்கச் சொன்னார், பிறகு தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இந்தக் குஞ்சுப்புழு உதட்டில் மட்டும் தங்கும் என்று இல்லையாம், கண்ணுக்கும் மூளைக்கும்கூடப் போகுமாம். மூளையில் இருந்தால் வலிப்பு வரலாம் என்றார். அதுவரை எனக்குக் கவலை சமையலறையைப் பற்றித்தான் இருந்தது.

ஸ்கேன் அறைக்குள் உலோகம் கூடாது. தோடு, மூக்குத்தி, வளையல், கடைசியில் தாலி எல்லாவற்றையும் கழற்றிக் கணவரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கைக்குட்டையில் முடிந்து, இரண்டு கையாலும் மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் குழாய்க்குள் மாவு மில் மாதிரி சத்தம். நான் உள்ளே படுத்துக்கொண்டு, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊறுகாய் ஜாடிக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பது யாருக்குத் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாருங்கள் புத்தியை!

வெளியே வந்ததும் ஸ்கேன் எடுத்த தம்பி சொன்னான், “டாக்டர் பாத்துட்டாரு. அம்மா மூளையில ஒண்ணுமே இல்லீங்க.” வேறொரு நாளாக இருந்திருந்தால் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என் கணவர் ஒரு மாசம் ஓட்டியிருப்பார். அன்றைக்குக் கைக்குட்டையைப் பிரிக்கத் தெரியாமல் தடுமாறிக்கொண்டே அந்தத் தம்பியிடம் கேட்டார்: “இன்னொரு தபா சொல்லு தம்பி.”

முட்டை

டாக்டரம்மாவிடம் நான் நேராகவே கேட்டேன். “மேடம், நான் வாழ்க்கையில் பன்றிக்கறியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எனக்கு எப்படி?”

அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். பல் டாக்டர் சொல்லி எங்கள் காதில் விழாமல் போன ஐந்து நிமிஷம் இதுதான் போலும். சரியாக வேகாத பன்றிக்கறியைச் சாப்பிட்டவருக்குப் புழு குடலில் வளரும். பெரும்பாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது, ஜோராக நடமாடிக்கொண்டிருப்பார். அந்தப் புழு போடும் முட்டை, சோப்புப் போடாத அவர் கை வழியாகவோ, அசுத்தத் தண்ணீர் பாய்ந்து விளைந்த காய்கறி வழியாகவோ, இன்னொருவர் வாய்க்குள் போனால், அந்த இன்னொருவருக்குத்தான் இப்படிக் கட்டி வரும். கறியைத் தொடாதவருக்கும் வரும். தின்றது யாரோ, வாங்கிக் கட்டிக்கொண்டது நான். எனக்கு அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் போல இருந்தது.

பஸ்ஸில் ஏறியதுமே கணவர் அம்மாவுக்குப் போன் போட்டார். அவருக்கு எப்போதும் ரத்தினச் சுருக்கம்தான். “இவ கறி எதும் தின்னலம்மா. முட்டை உள்ள போயிருக்குது, அதனாலதான் வந்துதாம். டாக்டரே சொல்லிட்டாங்க.” போனை எட்டிப் பிடுங்குவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் முன் சீட்டு வரைக்கும் கேட்டது: “நான்தான் சொன்னேனே, கேக்குன்னு!”

கொத்தமல்லிக் கட்சி

அன்று மாலை நானே எல்லோரையும் உட்காரவைத்து, அந்தப் படத்தைக் காட்டி, இது கோழி முட்டை இல்லை, புழு முட்டை என்று மூன்று முறை சொன்னேன். மகள் போனில் தேடி, ஆமாம் பாட்டி, அம்மா சொல்றது சரிதான் என்று ஒத்து ஊதினாள். மாமியாருக்குப் புரிந்துவிட்டது. என் தட்டையும் டம்ளரையும் எடுத்துப் போய் மற்றப் பாத்திரங்களோடு வைத்தார். மன்னிப்பு எல்லாம் எங்கள் வீட்டில் இந்த வடிவத்தில்தான் வரும், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

நான் அதோடு நிறுத்தவில்லை. “அப்படின்னா இந்த முட்டை யார் கையிலிருந்து வந்தது?” என்றேன். அதுவரை படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு திசையில் பார்த்தார்கள். கணவர் காலண்டரை. மகள் நகத்தை. விழுப்புரம் ஸ்டேஷன் வாசலில் அவள் தின்னும் பானிபூரி எனக்கு ஞாபகம் வந்தது. ஜீவா கூரையை. நான் யார் பெயரையும் சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியாது. மண்டிக்கு வரும் லாரிக்காரர்களோடு கணவர் எங்கே சாப்பிடுகிறார் என்றும் இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. யாருமே எதுவுமே தின்னாமல் சந்தையிலிருந்தும் வந்திருக்கலாம், டாக்டரம்மாவே அப்படிச் சொன்னார். பச்சையாக நாங்கள் அரைக்கிற துவையல் ஒன்றா இரண்டா?

இதைச் சொன்னதுதான் தாமதம், வீட்டில் திடீரென்று ஒற்றுமை வந்துவிட்டது. கொத்தமல்லிதான் என்றார் கணவர். கொத்தமல்லியேதான் என்றாள் மகள். இத்தனை நாள் என் பக்கம் நீண்டிருந்த விரல் எல்லாம் பிரிட்ஜுக்குள் இருந்த கொத்தமல்லிக் கட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. எல்லாரையும் விட உறுதியாகப் பேசியது ஜீவா: “கண்டிப்பா கொத்தமல்லிதான் அண்ணி, இதுக்குப் போயி யாரையும் பேஜாரு பண்ணாதீங்க.”

ஐந்து டப்பா

டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். வீட்டில் எல்லோரும் மலப் பரிசோதனை செய்ய வேண்டும், அதுவும் மூன்று நாள் தொடர்ந்து. ஒரு நாளில் தெரியாதது இன்னொரு நாளில் தெரியுமாம். யார் வயிற்றிலாவது புழு இருந்தால் மாத்திரையில் போய்விடும், ஆனால் அதுவரை அவர் சமைக்கவும் பரிமாறவும் கூடாது. என்னுடையதை நான் உடனே கொடுக்க ஆரம்பித்து, மூன்று நாளும் கொடுத்து முடித்துவிட்டேன். ஒன்றும் இல்லை என்று காகிதமும் வந்துவிட்டது. கான்வென்ட்டில் ஹோம்வொர்க்கை முதலில் வைக்கிற பழக்கம். இதற்காக வாங்கிவந்த மற்ற நான்கு டப்பாவும் அலமாரியில் காலியாகவே இருந்தன.

இன்று வியாழக்கிழமை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் இருக்கிறார்கள். மாமியார் வருஷத்தில் முதல் முறையாகக் குரலை இறக்கி, “விமலா, ஞாயித்துக்கெழம நீதான் சமைக்கணும், என்னால ஆவாது” என்றார். நான் கை துடைத்துக்கொண்டு போய், நான்கு டப்பாவையும் எடுத்துவந்து, அவரவர் பெயர் எழுதிய பக்கம் அவரவருக்குத் தெரியும்படி மேசை மேல் வரிசையாக வைத்தேன். நாளை, சனிக்கிழமை, ஞாயிறு காலை, கணக்குக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. “அன்னிக்கு எனக்குக் கூட நின்னு காய் நறுக்க, பரிமாற, புழு இல்லாத ஒரு கை வேணும். எந்தக் கைன்னு நீங்கதான் சொல்லணும்” என்றேன். ஜீவாவுக்கு உடனே ஏப்பம் வந்தது. மகள் பாட்டியைப் பார்த்தாள். மாமியார் மகன்களைப் பார்த்தார். மகன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

இந்த உத்தியோகத்தில் இருபத்திரண்டு வருஷம் கழித்து நான் கண்டது இவ்வளவுதான்: என் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வீடே வரிசையில் நிற்கும், தன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வீட்டில் ஒரு ஆள் முன்வராது.

“யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சா மத்தவங்களுக்குக் கூச்சம் போயிடும். நாளைக்குக் காலையில முதல் டப்பாவை யார் எடுக்கறீங்க, சொல்லுங்களேன்?”